ஓடுவதும் ஓட்டுவதும்: தானியங்கிப் பாரலோரிகளின் பாதுகாப்பு

தமிழில் ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை. வண்டி ஓடுகிறது, ஒருவர் அதனை ஓட்டுகிறார். நான் வளர்ந்த இரப்பர்த் தோட்டத்தில் மாட்டுவண்டி அந்தியில் வழியறிந்து தானே லயத்துக்குத் திரும்பும். வண்டிக்காரர் கண்ணயர்ந்திருந்தாலும், ஓட்டியது மாடு என்று எவரும் சொன்னதில்லை.

இன்றைய பாரலோரிகளைப் பற்றிய வினாவும் இதுவே: ஓட்டுபவர் யார்?

எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் அமைப்பு 2014-இல் வெளியிட்ட தரம், தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. 2-ஆம் நிலையில் வண்டி தடம் பிறழாமல் தானே செல்லும். எனினும் ஓட்டுபவர் மனிதரே, அவர் சாலையினின்றும் கண்ணை எடுத்தலாகாது. 3-ஆம் நிலையில் கருவி ஓட்டும். அது அழைக்கும்போது மனிதர் பொறுப்பேற்க வேண்டும். 4-ஆம் நிலையில், வரையறுத்த சாலையிலும் சூழலிலும் கருவியே முழுமையாக ஓட்டும். அமெரிக்காவின் டாலஸ்–ஹூஸ்டன் சாலையில் 2025-இல் அரோரா நிறுவனம் தொடங்கிய சரக்குச் சேவை இவ்வகையினது. நாமோ எல்லாவற்றையும் ‘தானியங்கி’ என்கிறோம். அச்சொல்லை நம்பி 2-ஆம் நிலை லோரியில் உறங்குபவர் உயிரிழக்க நேரிடும்.

பெயரிடுவதில் கருவியும் தடுமாறும். 2018 மார்ச் 18 அன்று அரிசோனாவின் டெம்பி நகரில், ஊபரின் சோதனைக் கார், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. கருவி அவரை 5.6 வினாடிகளுக்கு முன்பே கண்டது. ஆனால் வாகனம், பிற பொருள், மிதிவண்டி என மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறுந்தோறும் அவரது முந்தைய நகர்வைக் கணக்கில் கொள்ளாது விட்டது. கண்காணிக்க அமர்ந்திருந்தவரும் சாலையைப் பார்க்கவில்லை.

இனி நம் பேராக்கிற்கு வருவோம். 2025 மே 13 அன்று, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்குக் காவல் புரிந்துவிட்டு ஈப்போ திரும்பிய எஃப்.ஆர்.யு. காவலர்களின் வண்டிமீது கல் ஏற்றிய லோரி மோதியது. ஒன்பது காவலர் மாண்டனர். நம் விழாவைக் காத்தவர்கள் அவர்கள். ஆராய்ந்த பணிக்குழு, ஸ்டியரிங் கோளாற்றையும் மிகைப்பாரத்தையும் சுட்டியது. உறக்கம், கவனக்குறைவு ஆகியவற்றைக் கருவி ஓரளவு போக்கலாம். செயலிழந்த ஸ்டியரிங்கைக் கணினி திருப்ப இயலாது. மிகைப்பாரம் ஏறுவதோ சாலையில் அன்று, புறப்படும் இடத்தில்.

நம் இலக்கணம் இதற்கு வழிகாட்டுகிறது. கோயிலைக் கட்டிய தச்சர் இயற்றுதற்கருத்தா. கட்டச் சொன்ன அரசர் ஏவுதற்கருத்தா. கருவி ஓட்டினாலும் அது இயற்றுவதே. அதை ஏவியவரும், பாரம் ஏற்றியவரும், பராமரிப்பைத் தள்ளிப்போட்டவரும் பொறுப்பினின்றும் நீங்கார்.

எனவே, மனிதர் ஓட்டக் கருவி உதவுவதை ‘ஓட்டுதுணை வண்டி’ என்றும், கருவியே ஓட்டுவதைத் ‘தானோட்டி வண்டி’ என்றும் பிரித்து வழங்குமாறு முன்மொழிகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் லோரி ஓட்டிப் பிழைக்க வந்தோர் நம்மவருள் பலர். தாம் கண்ணயரலாமா கூடாதா என்பதை வண்டியின் பெயரே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.