மலைப் புல்வெளியும் நிழற்படமும்

மலையேறுதல் உடலுக்கு உறுதியும் உள்ளத்திற்கு உவகையும் அளிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. இக்காலத்தில் மலைக்குச் செல்வோர் பலரும் நிழற்படக் கருவியுடனேயே செல்கின்றனர். கைப்பேசியிலும் அக்கருவி அமைந்துவிட்டமையால் மாணவருள் அஃதில்லாதார் அரியர். ஆயினும், கண்டதையெல்லாம் படமெடுத்தல் வேறு. படத்தின் வாயிலாக ஓரிடத்தை அறிதல் வேறு. பின்னதன் இயல்பைப் பழனிமலைத் தொடரைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள கொடைக்கானலை அடைவோர் முதற்கண் நாடுவது ஏரியையே. காற்றெழாத காலைப்பொழுதில் கரைமரங்கள் நீரினுள் தலைகீழாய்த் தோன்றும் காட்சி எவரையும் கவரும். ஆனால் அவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. 1863-ஆம் ஆண்டில், மதுரைக் கலெக்டராய் விளங்கிய லெவிஞ்சு துரையின் முயற்சியால், ஓடை நீரை அணையிட்டுத் தேக்கியதனால் உண்டாயது. பலரும் விரும்பிப் படமெடுக்கும் பைன் மரக்காடும் பிறநாட்டு மரங்களைக் கொணர்ந்து நட்டு வளர்த்ததே.

அங்ஙனமாயின் அம்மலைமேட்டில் இயற்கை தானே அமைத்தது யாது? பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் செறிந்த சோலையும், சரிவுகளிலும் முகடுகளிலும் விரிந்த புல்வெளியுமே. சோலையைக் கண்டு வியப்போரும் புல்வெளியை வெற்றிடமென்று கருதிக் கடந்து செல்கின்றனர். காடு அழிந்தபின் எஞ்சிய பாழ்நிலமே அஃது என முன்னாளில் பலர் எண்ணினர். அவ்வெண்ணம் பொருந்தாது. இதே இயல்புடைய நீலகிரி மேட்டின் சதுப்புகளில் அடுக்கடுக்காய்ப் படிந்த மட்கிய மண்ணை ஆராய்ந்த அறிஞர், 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குப் புல் பரவியிருந்தது எனக் கண்டனர். மேலும், குளிர்கால இரவுகளில் திறந்த வெளியிற் படியும் உறைபனியைச் சோலைமரங்களின் இளங்கன்றுகள் தாங்கமாட்டா. புல்லோ தாங்கி நிற்கும்.

இப்புல்வெளியே வரையாட்டிற்கு மேய்ச்சல் நிலம். நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவைக்கு உறைவிடம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி செழிப்பதும் இத்தகைய சரிவுகளிலேதான். 2006-இலும் 2018-இலும் பூத்த அது 2030-இல் மீண்டும் பூத்தல் வேண்டும்.

பூப்பதற்கு இடம் எஞ்சியிருக்குமோ என்பதே இப்பொழுதுள்ள வினா. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், ஆலைகளின் தேவைக்காகத் தைலமரமும் புல்வெளியில் நடப்பட்டன. சீகையோ நட்ட இடத்தில் நில்லாது தானே விதைத்துப் பரவுவது. 1973-ஆம் ஆண்டின் செயற்கைக்கோட் படங்களையும் 2014-ஆம் ஆண்டின் படங்களையும் ஒப்பிட்டு நோக்கியவர்கள், பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என்று 2018-இல் வெளியிட்டனர். மரம் பெருகுவதைக் கண்டு மகிழ்வோர்க்கு இவ்விழப்பு எளிதிற் புலனாகாது. இருவேறு காலத்துப் படங்களை அருகருகே வைத்தபோதே உண்மை வெளிப்பட்டது.

இத்தகைய பொறுமைக்கு அம்மலையிலேயே ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தார் 1904 முதல், வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம்பிடித்து வந்தனர். ஒருநாட் படம் சிறிதே கூறும். நூறாண்டுப் படங்களின் வரிசை, சூரியனிற் கரும்புள்ளிகள் பெருகியும் அருகியும் வரும் முறையை இன்றும் ஆராய்வார்க்குக் கருவூலமாய் உள்ளது.

நாமும் நம் அளவில் அவ்வாறு செய்தல் கூடும். பெயராத பாறையொன்றைத் தேர்ந்து, அதன்மீது கருவியை நிறுத்தி, எதிர் மலையின் முகட்டுக்கோடு படத்துள் அடங்குமாறு எடுத்தல் வேண்டும். அக்கோடு மாறாதாகலின், அடுத்த ஆண்டு வருபவர் அதே நிலையைக் கண்டுகொள்வர். உச்சிவெயில் சரிவுகளைத் தட்டையாக்கிக் காட்டும். காலைச் சாய்வொளியில் அவற்றின் மடிப்புகள் தெளிவாகும். பிற்பகலில் மூடுபனி மறைத்தலும் உண்டு. அளவு தோன்ற நண்பர் ஒருவரை ஓரத்தில் நிறுத்துக. நாள், நேரம், இடம், திசை ஆகிய நான்கினையும் குறியாத படம் அழகியதாயினும் சான்றாகாது.

பெரும்பகுதி காப்புக்காடாதலின் வனத்துறையாரின் இசைவின்றிச் செல்லலாகாது. படத்திற்காகப் பூவைக் கொய்தலும் புல்லை மிதித்துப் புதுவழி ஆக்குதலும் தகா.

மாணவ நண்பர்களே! ஏரியைப் படமெடுப்பார் என்றும் உளர். அதனை நாம் மறந்தாலும் அது மறவாது பேணப்படும். எவரும் நோக்காத புற்சரிவிற்கு நும் கருவியைத் திருப்புமின். 2030-இல் குறிஞ்சி மலரும்போது, அதே பாறையிலிருந்து படமெடுக்க வரும் இளைஞர் கையில் இன்றைய படம் ஒன்று இருக்குமாயின், சரிவு காக்கப்பட்டதா, இழக்கப்பட்டதா என்பதை அவர் ஐயமின்றி அறிவர். அறிந்தவரே காக்க முற்படுவர்.