காளைக்கு ஒன்று, பசுவுக்கு வேறு

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாத வாக்கில் அந்தச் சிவப்பு மறைந்து சாம்பல் நிறம் ஏறும். பிறகு பொலிகாளைக்குத் திமிலும் கழுத்தும் சப்பையும் கருத்துப்போகும். காயடித்த எருதோ சாம்பல் நிறத்திலேயே இருக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே எது எதுவென்று விவசாயி சொல்லிவிடுவார்.

குணமும் அப்படித்தான் பிரிகிறது. இன்னொரு காளை எதிரே வந்தால் பொலிகாளை தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறும். எருது, ஜோடி மாட்டோடு ஒரே நுகத்தில் அமைதியாக நடக்கும். பசு பெரும்பாலும் சாதுதான். ஆனால் கன்று போட்ட புதிதில் நாயோ பழகாத ஆளோ அருகே போனால், அதே பசு முட்ட ஓடிவரும்.

காயடித்தால் மூர்க்கம் தணியும் என்பது உழவர்கள் காலங்காலமாக அறிந்தது. அறிவியல் அதை முறையாகச் சோதித்தது 1849இல். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்தோல்ட் சேவல்களின் விதைகளை அகற்றினார். அவற்றின் கொண்டை சுருங்கியது, சண்டை நின்றது. விதையைத் திரும்ப உடலுக்குள் வைத்ததும் கொண்டையும் சண்டையும் திரும்பின. விதையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் ஆள்கிறது என்பது அதிலிருந்து விளங்கியது. டெஸ்டோஸ்டிரோன் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

அது மூளையிலும் வேலை செய்கிறது. எலி உள்ளிட்ட பல பாலூட்டிகளில், சமூக நடத்தையோடு தொடர்புள்ள சில மூளைப் பகுதிகளில் ஆணுக்கு வாசோபிரசின் என்ற வேதிப்பொருள் பெண்ணைவிடக் கூடுதலாக இருக்கிறது. காயடித்தால் அது குறைந்துவிடுகிறது.

வாசோபிரசினுக்கு நெருங்கிய உறவு ஆக்ஸிடோசின். இரண்டும் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனவை. வேறுபடுவது இரண்டே இரண்டில். இவற்றை ஆய்வகத்தில் உருவாக்கிய வின்சென்ட் து விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. கன்று மடியை முட்டும்போது பசுவுக்குப் பால் சுரக்கச் செய்வது ஆக்ஸிடோசின்தான். மிரண்டால் அட்ரினலின் குறுக்கே வந்து, பசு பாலை அடக்கிக்கொள்ளும். ஆக்ஸிடோசினைப் பலரும் 'அன்பின் ஹார்மோன்' என்கிறார்கள். அது பாதி உண்மைதான். குட்டியைக் காக்கத் தாய் எலி எதிரியைத் தாக்கும் நேரத்திலும் அதன் மூளைக்குள் ஆக்ஸிடோசின் சுரக்கிறது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. பாசமும் குட்டியைக் காக்கும் மூர்க்கமும் அங்கே ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன.

ஆண், பெண் வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. வெள்ளெலி வகையைச் சேர்ந்த ஹாம்ஸ்டர்களின் மூளையில், ஹைபோதலாமஸ் பகுதியில் வாசோபிரசினைச் செலுத்தினார்கள்: ஆணுக்குச் சண்டைக்குணம் கூடியது, பெண்ணுக்குக் குறைந்தது. செரோடோனின் என்ற மற்றொரு மூளை வேதிப்பொருள் நேர் எதிராக வேலை செய்தது. பெண்ணின் சண்டைக்குணத்தைத் தூண்டி, ஆணின் சண்டைக்குணத்தை அடக்கியது. ஒரே பொருள், ஒரே இடம், விளைவு மட்டும் தலைகீழ்.

மனிதர்கள் ஹாம்ஸ்டர்கள் அல்ல. வளர்ப்பு, வறுமை, பட்ட அனுபவம் எல்லாம் சேர்ந்துதான் நம் நடத்தையை உருவாக்குகின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஆண்களுக்குள்ளேயும் பெண்களுக்குள்ளேயும் உள்ள வேறுபாடுகளே பெரியவை. ஆகவே 'ஆண் என்றால் இப்படித்தான், பெண் என்றால் அப்படித்தான்' என்று பேச இந்த ஆய்வுகளைத் துணைக்கு அழைப்பது தவறு.

ஆனால் மருத்துவத்தில் ஆண், பெண் வேறுபாட்டைப் புறக்கணிக்க முடியாது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் மாத்திரைகள் பல, செரோடோனினைக் குறிவைப்பவை. பெண்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்பட்டும், பல பத்தாண்டுகள் மூளை ஆய்வுகள் பெரும்பாலும் ஆண் விலங்குகளிடமே நடந்தன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2016இல்தான், தன் நிதியில் நடக்கும் விலங்கு ஆய்வுகளிலும் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், சோல்பிடெம் என்ற தூக்க மருந்தின் பரிந்துரை அளவைப் பெண்களுக்குப் பாதியாக, 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. பெண்களின் உடலிலிருந்து அந்த மருந்து மெதுவாகவே வெளியேறுகிறது என்பதே காரணம். மருந்து சந்தைக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில். அளவு திருத்தப்பட்டது 2013இல். இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் பெண்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, திருத்திய அளவைப் போல இரு மடங்கு. நம் நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகளிலும் பெண்களின் முடிவைத் தனியாகக் கணக்கிட்டு, மாத்திரை அட்டையோடு வரும் தாளில் தனியாக அச்சிட வேண்டும்.