மெலிவில் ஒரு வலிமை

நுழையும்முன்

ஒரு பாடலைக் கேட்கும்போது பாடுவோரின் குரலையும் வயலின், புல்லாங்குழல் முதலிய கருவிகளின் ஒலியையும் நம் செவி எளிதில் பிரித்தறிகிறது. அவற்றுக்கு அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஒலியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அது நின்றுபோனால் மட்டும் பாடல் வெறுமையாகத் தோன்றுகிறது. அத்தகைய தாழ்ந்த ஒலியைத் தரும் டபுள் பேஸ், பேஸ் கிட்டார் ஆகிய கருவிகளின் இயல்பையும், அவற்றைத் தேர்ந்து வாங்கும் முறையையும், மேம்படுத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

வயலின் வடிவில் ஓர் அரங்கம்

பெங்களூருவில் மல்லேசுவரத்தை ஒட்டிய வயாலிக்காவல் பகுதியில் சௌடையா நினைவு அரங்கம் அமைந்துள்ளது. 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வரங்கம் வயலின் வடிவில் கட்டப்பட்டது. தந்திகளும் குதிரையும் முறுக்காணிகளும் கட்டடத்தின் உருவிலேயே காட்டப்பட்டுள்ளன. மைசூர் டி. சௌடையா (1895–1967) என்னும் வயலின் மேதையின் நினைவைப் போற்றும் அரங்கம் இது.

ஒலிவாங்கிகள் பரவலாக வாராத காலத்தில் சௌடையா மேடையேறினார். பெரிய கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்தோருக்கு வயலினின் ஒலி தெளிவாகக் கேட்கவில்லை. இக்குறையைப் போக்க அவர் புதுவழி கண்டார். வழக்கமான நான்கு தந்திகளோடு மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை உருவாக்கி, அதனையே வாசித்துப் புகழ் பெற்றார். ஒலி கடைசி வரிசையையும் எட்ட வேண்டும் என்ற தேவையே அம்மாற்றத்திற்குக் காரணம்.

உயர்ந்த ஒலியை உடைய வயலினுக்கே இந்நிலை என்றால், தாழ்ந்த ஒலியின் நிலை என்ன? தாழ்ந்த ஒலியை உண்டாக்குவதும் கடினம். அதனைக் கேட்கச் செய்வதும் கடினம். பேஸ் கருவிகளின் அமைப்பு, விலை, பராமரிப்பு ஆகிய அனைத்தையும் இவ்வொரு செய்தியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

மெலிவும் தந்தியும்

பண்டைத் தமிழிசையில் ஒலி நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர். தாழ்ந்த நிலை மெலிவு, இடைநிலை சமன், உயர்ந்த நிலை வலிவு. பேஸ் கருவிகள் மெலிவு நிலையில் ஒலிப்பவை. பெயர் மெலிவு ஆயினும், அதனைத் தரும் தந்தி மெல்லியது அன்று, தடித்தது, நீண்டது.

தந்தியின் நீளம் கூடினால் அதிர்வு குறையும். தந்தியின் எடை கூடினாலும் அதிர்வு குறையும். இறுக்கம் கூடினால் அதிர்வு மிகும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி அதில் சரிபாதியாக, ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஆகவேதான் கிட்டாரின் தந்தி ஏறத்தாழ 65 செ.மீ. நீளம் இருக்க, பேஸ் கிட்டாரின் தந்தி 86 செ.மீ. அளவும், டபுள் பேஸின் தந்தி 105 செ.மீ. அளவும் நீள்கின்றன. நீளம் மட்டும் போதாது என்பதால் எஃகுக் கம்பியின்மீது மற்றொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றி எடையைக் கூட்டுவர். வீணையின் அனுமந்தரத் தந்தியிலும் இம்முறையைக் காணலாம்.

நொடிக்கு 41 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 8 மீட்டர். இத்துணை நீண்ட அலையை எழுப்பப் பெருமளவு காற்றை அசைக்க வேண்டும். மேலும், மனிதச் செவி தாழ்ந்த ஒலியைக் குறைவாகவே உணர்கிறது. எனவே பேஸ் கருவிக்குப் பெரிய உடலோ, ஆற்றல்மிக்க ஒலிபெருக்கியோ இன்றியமையாதது.

பெரும் பேழையும் சிறு பலகையும்

டபுள் பேஸ் முதல் வழியைப் பின்பற்றுகிறது. ஏறத்தாழ ஆறடி உயரமுள்ள இக்கருவியை நின்றுகொண்டோ உயர்ந்த முக்காலியில் அமர்ந்தோ வாசிப்பர். வில்லாலும் மீட்டலாம்; விரலாலும் மீட்டலாம். இதன் உடலினுள், மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே ஒரு சிறு மரத்தூண் நிற்கிறது. அது பசையால் ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தமே அதனை நிறுத்திவைக்கிறது. பிரெஞ்சு மொழியினர் அதனை 'உயிர்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். தூண் சற்றே நகர்ந்தாலும் ஒலியின் தன்மை மாறிவிடும்.

மின்கிட்டாரும் முழவுகளும் உரக்க ஒலிக்கும் குழுக்களில் டபுள் பேஸின் ஒலி அமிழ்ந்துபோயிற்று. ஊர்தோறும் அதனைச் சுமந்து செல்வதும் எளிதாக இல்லை. இவ்விரு இடர்களுக்கும் தீர்வாக, 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின் பேஸ் கிட்டாரை வெளியிட்டார். வீணையில் உள்ளவற்றைப் போன்ற மெட்டுகள் இதன் விரற்பலகையில் பதிக்கப்பட்டிருந்தன. மெட்டுகளால் சுரம் பிசகாமல் ஒலித்தமையால் 'துல்லியம்' என்னும் பொருள்படும் அப்பெயர் அமைந்தது.

இக்கருவிக்கு உள்ளீடற்ற பெரிய உடல் தேவையில்லை. தந்திகளின் அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட 'பிக்கப்' என்னும் உறுப்பு பொருத்தப்பட்டுள்ளது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. காற்றை அசைக்கும் பணியை ஒலிபெருக்கி ஏற்றுக்கொள்கிறது.

நம் பாடல்களில் தாழ்ந்த குரல்

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். கன்னடத் திரையுலகில் புகழ்பெற்றிருந்த ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். பின்னர் 1976ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' திரைப்படத்தின் வாயிலாக இசையமைப்பாளராக அறிமுகமானார். அவருடைய பாடல்கள் பலவற்றில் பேஸ் கிட்டார் அடிச்சுரத்தை மட்டும் தாங்கி நிற்பதில்லை. பாடகரின் மெட்டுக்குக் கீழே மற்றொரு மெட்டாகவே நடைபயில்கிறது. 1980ஆம் ஆண்டு வெளிவந்த 'மூடுபனி' திரைப்படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாடலைச் செவியணியில் கேட்டால் இதனை நன்கு உணரலாம். ஏ. ஆர். ரகுமானின் பாடல்கள் பலவற்றில் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ் பேஸ் கிட்டார் வாசித்துள்ளார். அப்பாடல்களைக் கேட்போர் பலர். அக்கருவியை வாசித்தவரை அறிந்தோர் சிலரே.

வாங்குமுன் அறிய வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது கருவியின் அளவு. வளரும் பிள்ளைகளின் விரல்களுக்கு 86 செ.மீ. தந்தி நீளம் கடினமாக இருக்கலாம். அவர்களுக்கு ஏறத்தாழ 76 செ.மீ. நீளமுள்ள சிறிய பேஸ் கிட்டார் ஏற்றது. டபுள் பேஸிலும் அரை அளவு, கால் அளவு எனச் சிறியவை உண்டு. பெரியோர் பெரும்பாலும் வாசிப்பதும் முழு அளவு அன்று, முக்கால் அளவே.

அடுத்து, கருவியைக் கையிலெடுத்துச் சோதிக்க வேண்டும். தண்டி முறுக்கேறாமல் இருக்கிறதா எனக் கண்ணால் நோக்க வேண்டும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி வாசித்து, எங்கேனும் இரைச்சல் எழுகிறதா எனக் கேட்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுப்பகுதியில் உள்ளது; அங்கு அழுத்தினால் வெறுந்தந்தியின் சுரமே ஒரு நிலை உயர்ந்து பிசகாமல் ஒலிக்க வேண்டும். டபுள் பேஸ் ஆயின், மேற்பலகையில் வெடிப்பு உள்ளதா எனப் பார்த்தல் முதன்மையானது. செதுக்கிய மரத்தாலான கருவி இனிமையாக ஒலிக்கும், ஒட்டுப்பலகையாலான கருவி வானிலை மாற்றத்தைத் தாங்கும், விலையும் குறைவு. தொடக்க நிலையினர்க்குப் பின்னதே பொருத்தம்.

ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தாழ்ந்த ஒலி சுவர்களை எளிதில் கடந்து செல்லும். ஆகவே அடுக்ககத்தில் வாழ்வோர் செவியணி பொருத்தும் வசதியுள்ள சிறிய ஒலிபெருக்கியை வாங்குதல் அண்டை வீட்டாருக்கும் நன்று.

விலை உயர்ந்ததே சிறந்தது என எண்ண வேண்டியதில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். ஃபெண்டர் கருவியை வாங்க அப்போது அவரிடம் பணமில்லை. எனவே ஏறத்தாழ 30 பவுண்டு விலையில், வயலின் வடிவிலான ஹோஃப்னர் கருவியைத் தேர்ந்தார். இருபுறமும் ஒத்த வடிவம் உடையதாகையால் இடக்கையால் வாசிக்கும் அவருக்கு அது பொருந்தியது. உலகப் புகழ்பெற்ற அக்கருவி 1972ஆம் ஆண்டு களவு போயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் அது மீண்டும் அவரிடம் வந்து சேர்ந்த செய்தி 2024ஆம் ஆண்டு வெளியாயிற்று.

தேவையறிந்து மேம்படுத்தல்

கருவி பழகியபின் அதனை மேம்படுத்தும் விருப்பம் எழுவது இயல்பு. அதனைப் படிப்படியாகச் செய்தல் வேண்டும். முதற்படி, தந்திகளை மாற்றுதல். வட்டக் கம்பி சுற்றிய தந்திகள் பளிச்சென ஒலிக்கும். தட்டைக் கம்பி சுற்றியவை மென்மையாக ஒலிக்கும். இரண்டாம் படி, தந்திகளின் உயரம், தண்டியின் வளைவு, குதிரையின் இடம் ஆகியவற்றைத் தேர்ந்த செப்பனிடுவோரிடம் கொடுத்துச் சரிசெய்தல். பழுதெனக் கருதப்படும் கருவிகள் பல இவ்விரு படிகளிலேயே சீராகிவிடும். அதன் பின்னரே பிக்கப், ஒலிபெருக்கி ஆகியவற்றை மாற்றுவது குறித்துச் சிந்திக்கலாம். புதிய கருவி வாங்குதல் இறுதிப் படி.

ஐந்து தந்திக் கருவி வேண்டுமா என்னும் வினா பலருக்கு எழும். ஐந்தாம் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 31 முறை மட்டுமே அதிர்கிறது. வாசிக்கும் பாடல்களில் அவ்வளவு தாழ்ந்த சுரங்கள் வருமாயின் அது பயன்தரும். இல்லையேல் எடையை மட்டும் கூட்டும். கருநாடக இசையின் கமகங்களை வாசிக்க விழைவோர்க்கோ, தந்தியைக் கூட்டுவதைவிட மெட்டுகளை நீக்கிய பேஸ் கிட்டாரே உதவும். அதில் விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும். சௌடையா மூன்று தந்திகளைச் சேர்த்தது அழகுக்காக அன்று என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

மரமும் வானிலையும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் ஈட்டி மரத்தைத் தமிழில் தோதகத்தி என்றும் கன்னடத்தில் பீட்டெ என்றும் வழங்குவர். உலகெங்கும் கிட்டார்களின் விரற்பலகைகள் பல இம்மரத்தால் ஆனவை. மிகையாக வெட்டப்படுவதைத் தடுக்க, 2017ஆம் ஆண்டு சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் இம்மரம் கொணரப்பட்டது. முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019ஆம் ஆண்டு விலக்கு அளிக்கப்பட்டது. இருக்கும் கருவியைப் பேணி நெடுங்காலம் வாசிப்பதும் காட்டைக் காக்கும் ஒரு வழியே.

மரம் ஈரத்தை ஏற்று விரியும், வறட்சியில் சுருங்கும். பெங்களூருவின் மாசி, பங்குனி மாதங்கள் வறண்டவை. கோடை விடுமுறையில் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களுக்குக் கருவியை எடுத்துச் சென்றால் அங்குள்ள ஈரக்காற்று மரத்தைத் தாக்கும். எனவே ஊர் சென்றதும் உறையிலிருந்து உடனே எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்து, பின்னர் சுருதி கூட்டுதல் நன்று. பயணத்தின்போது வெயிலில் நிற்கும் ஊர்தியினுள் கருவியை விட்டுவைத்தல் கூடாது.

பேஸ் வாசிப்போர் மேடையில் பெரும்பாலும் பின்புறமே நிற்கின்றனர். ஆயினும் முன்னால் நிற்போர் சுருதியும் தாளமும் பிறழாமல் பாடுவதற்கு அவர்தம் ஒலியே துணை.

தெரிந்து தெளிவோம்

மேற்கத்திய முறையில் வயலினின் அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ச–ப இடைவெளி உண்டு. டபுள் பேஸிலும் பேஸ் கிட்டாரிலும் அது ச–ம இடைவெளியே. நீண்ட தந்தியில் சுரங்கள் தள்ளித் தள்ளி அமைவதால், கை நெடுந்தொலைவு நகராதிருக்க இவ்வாறு அமைத்தனர்.

சொல்லும் பொருளும்

குதிரை – தந்திகளைத் தாங்கும் பாலம்
தண்டி – விரற்பலகையைத் தாங்கும் நீண்ட கழுத்துப் பகுதி
மெட்டு – விரற்பலகையில் பதித்த உலோகக் கட்டை, பாடலின் இசையமைப்பு
முறுக்காணி – தந்தியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் ஆணி
கமகம் – சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைத்தல்

மதிப்பீடு

1. சௌடையா வயலினில் தந்திகளைக் கூட்டியதன் காரணம் யாது?
2. தாழ்ந்த ஒலிக்கு நீண்ட, தடித்த தந்தி ஏன் தேவைப்படுகிறது?
3. 'மெட்டு' என்னும் சொல்லை இருவேறு பொருள்களில் அமைத்துத் தொடர்கள் எழுதுக.
4. உம் நண்பர் விலையுயர்ந்த ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வாங்க விரும்புகிறார். அவருக்கு நீவிர் கூறும் அறிவுரையைக் கடிதமாக வரைக.
5. உமக்கு விருப்பமான பாடல் ஒன்றைச் செவியணியில் கேட்டு, அதில் தாழ்ந்த ஒலி எவ்வாறு நடைபயில்கிறது என ஐந்து தொடர்களில் எழுதுக.