நின்ற வண்டியை ஓட விட்டது யார்?

இங்கிலாந்து நாட்டில் ஆல்ட்டன் டவர்ஸ் என்றொரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அங்கே 2013-இல் ஒரு ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். ஏறியவரை 14 முறை தலைகீழாகப் புரட்டி எடுக்கும் பாதை! அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'ஸ்மைலர்'. புன்னகைப்பவன் என்று பொருள்.

2015 ஜூன் 2-ஆம் நாள் அந்தப் புன்னகை மறைந்தது. 16 பேர் அமர்ந்திருந்த வண்டி, வழியில் நின்றிருந்த ஆளில்லா வண்டியின்மீது போய் மோதியது. 16 பேரும் காயமுற்றனர். இளம் பெண்கள் இருவர் ஆளுக்கொரு காலை இழந்தனர். சிக்கியவர்களை மீட்டு முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

“வேகமாய்ப் போகிற வண்டி, விபத்து வராமலா இருக்கும்? எல்லாம் விதி!” என்பார் சிலர். “எவனோ ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு!” என்பார் வேறு சிலர். இரண்டும் தவறு என்கிறோம் நாம். ஏன் தவறு? அந்த வண்டியைக் காக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால் விளங்கும், தோழர்களே!

இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் கிடையாது. சங்கிலி ஒன்று உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடும். பிறகு வண்டியை ஓட்டுவது பூமியின் ஈர்ப்பு விசைதான். பாதி ஏற்றத்தில் சங்கிலி அறுந்தால்? வண்டியின் அடியில் இரும்பு நாக்கு ஒன்று இருக்கிறது. ஏறும் பாதையில் பற்கள் வரிசையாக இருக்கின்றன. நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழுந்து விழுந்து ஏறுகிறது. ஏறும்போது கேட்கும் 'டக் டக்' ஓசை அதுதான். சங்கிலி கைவிட்டால் நாக்கு பல்லைக் கவ்விக்கொள்ளும். வண்டி பின்னோக்கிச் சரியாது. அந்தப் பிடி தவறினால் என்ன ஆகும் என்பதை லண்டன் மாநகரின் பாட்டர்சி பூங்கா 1972 மே 30-இல் கண்டது. இழுவைக் கயிற்றிலிருந்து வண்டி விடுபட்டது. தடுக்க வேண்டிய கருவி தடுக்கவில்லை. பின்னோக்கி உருண்ட வண்டி ஐந்து குழந்தைகளின் உயிரைக் குடித்தது.

வண்டி மேட்டைத் தாண்டும்போது பாதையை விட்டுத் துள்ளாதா? துள்ளப் பார்க்கும். அதனால்தான் மேலே ஓடும் சக்கரம் போதாதென்று, பக்கவாட்டில் ஒன்றும் தண்டவாளத்தின் அடியில் ஒன்றும் வைத்தார்கள். அடிச்சக்கரத்துக்கு 1919-இல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். மூன்று பக்கமும் பிடித்துக்கொண்ட வண்டி எங்கே துள்ளும்?

பிரேக்கைப் பாருங்கள். பல வண்டிகளில் காற்றழுத்தம் பிரேக்கை இறுக்குவதில்லை, விலக்கித்தான் பிடிக்கிறது. இறுக்குவது வில். காற்றழுத்தம் போய்விட்டால் பிரேக் தானாகவே கவ்விக்கொள்ளும். கெட்டுப்போனால் ஓடுவதல்ல, கெட்டுப்போனால் நிற்பது! இதுவே இந்தப் பொறியியலின் உயிர்நாடி.

கடைசியாக ஒன்று, ரயில்வேத் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போன வண்டி அடுத்த பகுதியை விட்டு வெளியேறும்வரை, பின்னால் வரும் வண்டியைக் கம்ப்யூட்டர் நிறுத்தி வைக்கும். ரயிலில் 'பிளாக்' என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆக, இத்தனை ஏற்பாட்டுக்கும் அடிப்படை சந்தேகம். 'சங்கிலி அறுந்தால்? காற்று போனால்? முன்னே வண்டி நின்றால்?' என்று ஒவ்வொன்றையும் சந்தேகித்துச் செய்யப்பட்ட எந்திரம் இது.

அப்படியானால் ஸ்மைலரில் எந்திரம் ஏமாற்றியதா? இல்லை! அன்று ஓட்டத்தில் கூடுதலாக ஒரு வண்டியைச் சேர்த்தார்கள். ஆளில்லாமல் சோதனைக்கு விட்ட வண்டி ஒன்று, சுற்றை முடிக்காமல் நடுவழியில் நின்றுவிட்டது. பின்னால் 16 பேருடன் வந்த வண்டியைக் கம்ப்யூட்டர் சரியாகவே நிறுத்தியது. பழுது பார்த்தவர்களுக்கு முன்னால் ஒரு வண்டி நிற்பது தெரியவில்லை. எந்திரம் பொய் சொல்கிறது என்று எண்ணி, தடையை மீறி வண்டியை விட்டார்கள். மணிக்கு 34 மைலுக்கு மேல் காற்றடித்தால் ஓட்டக்கூடாது என்று வண்டியைச் செய்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அன்று அதைவிடப் பலத்த காற்று வீசியதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

மனிதத் தவறுதான் காரணம் என்று நிறுவனம் முதலில் அறிக்கை விட்டது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? 2016 செப்டம்பரில் நீதிமன்றம் 50 லட்சம் பவுன் அபராதம் விதித்தது, அந்தத் தொழிலாளர்களுக்கு அல்ல, நிறுவனத்துக்கு! வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுது பார்ப்பவர்கள் பத்திரமாக வேலை செய்வதற்கான ஒழுங்கான முறையை வகுக்காததே அடிப்படைக் குற்றம் என்று நீதிபதி கூறினார். நிறுவனமும் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

நாம் கேட்பது இதுதான்: பாதையில் எத்தனை வண்டி என்று எண்ணுவது யார் பொறுப்பு? தடையை மீறும் அதிகாரம் யாருக்கு? அதற்குமுன் எவர் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்? இவற்றை எழுதி, கற்றுக்கொடுத்து, அதற்கு வேண்டிய நேரத்தையும் கொடுப்பது முதலாளியின் கடமை. கூட்டம் வரிசையில் காத்திருக்கிறது, சீக்கிரம் ஓட்டு என்று அவசரப்படுத்தும் இடத்தில் எந்தத் தொழிலாளிதான் நிதானமாக எண்ணிப் பார்ப்பான்?

இரும்பை நம்பாமல் இரண்டாவது பிடி வைத்தான் பொறியியலாளன். மனிதனும் களைப்பான், தவறுவான் என்பதை உணர்ந்து அவனுக்கும் ஒரு இரண்டாவது பிடி வைப்பதே நிர்வாகம். ரோலர் கோஸ்டரானாலும் சரி, ரயிலானாலும் சரி, ஆலையின் எந்திரமானாலும் சரி, நின்ற எந்திரத்தை ஓட விடுமுன் அது ஏன் நின்றது என்று கேட்கத் தொழிலாளிக்கு உரிமை வேண்டும். அந்தக் கேள்விக்கு இடமில்லாத இடத்தில், எத்தனை பிரேக் வைத்தும் பயனில்லை!