பாதி அடியில் நழுவிய பதக்கம்

2024 ஆகஸ்டு 10. பாரிஸ் ஒலிம்பிக்கின் 5000 மீட்டர் இறுதி ஓட்டம். அகதிகள் அணியின் டொமினிக் லொபாலு 13 நிமிடம் 15.27 வினாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற கிராண்ட் ஃபிஷர் அவரைவிட 0.14 வினாடி முந்தியவர். ஐந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு இருவருக்கும் நடுவே இருந்தது ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த வேகத்தில் ஓடுபவரின் ஓரடியே இரண்டு மீட்டர் இருக்கும். ஆக, பாதி அடி!

மலேசியாவின் பாரிட் புந்தாரில் பள்ளி விளையாட்டுப் போட்டி பார்த்தவர்களுக்கு இந்த வேகம் பிடிபடும். 100 மீட்டரை 16 வினாடியில் ஓடிவரும் பிள்ளை, கோட்டைத் தாண்டியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும். லொபாலு அதே வேகத்தில் ஐம்பது நூறு மீட்டர்களை நிற்காமல் ஓடினார்.

எப்படி முடிகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர் முழு வேகத்தில் ஓடும்போது அது 30 லிட்டரையும் தாண்டும். இறைத்தால் மட்டும் போதாது. அந்த ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டும். அங்கேதான் மலை உதவுகிறது.

கென்யாவின் நெடுந்தூர ஓட்ட வீராங்கனை டெக்லா லொரூப் அகதி ஓட்டக்காரர்களுக்காக நடத்திய பயிற்சி முகாம், நைரோபிக்கு அருகே இங்கோங்கில், சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருந்தது. லொபாலுவும் அங்கே பயின்றவர். பாரிட் புந்தார் இருக்கும் கிரியான் நெல்வயல் சமவெளியில் நாம் இழுக்கும் மூச்சோடு ஒப்பிட்டால், அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்தக் குறையை உணரும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று! அது எரித்ரோபோயெட்டின் என்னும் இயக்குநீரை, அதாவது சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குப் போகும் வேதித் தூதை, ரத்தத்தில் விடுகிறது. சில வாரங்களில் ஆக்சிஜன் சுமக்கும் அணுக்கள் கூடுகின்றன.

பாதி அடியை அளந்த கருவியும் விந்தைதான். முடிவுக்கோட்டுக் கேமரா திடலைப் பார்ப்பதே இல்லை. கோட்டின் மேல் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் பார்க்கிறது, பாரிஸில் வினாடிக்கு 40,000 முறை வரை. அந்தக் கீற்றுகளை வரிசையாக ஒட்டினால் கிடைக்கும் படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் அல்ல, நேரம். தலையும் கையும் காலும் கணக்கில் இல்லை. நடுவுடல் கோட்டைத் தொட்ட கணமே முடிவு.

உடலையும் நேரத்தையும் இவ்வளவு நுட்பமாக அளக்கத் தெரிந்த உலகம், ஓர் ஓட்டக்காரர் எந்த நாட்டவர் என்பதில் தடுமாறியது. தெற்கு சூடானில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரைப் போரில் இழந்து கென்யாவுக்குத் தப்பியவர் லொபாலு. 2019இல் ஜெனீவாவில் ஒரு பந்தயத்தில் வென்றபின் சுவிட்சர்லாந்திலேயே அடைக்கலம் கேட்டார். அந்நாட்டுக்காக ஓட உலகத் தடகள அமைப்பு அனுமதித்தது 2024 மே மாதத்தில்தான். அடுத்த மாதமே ரோமில் 10,000 மீட்டரில் ஐரோப்பியத் தங்கம் வென்று கொடுத்தார். ஒலிம்பிக்குக்கோ குடியுரிமை வேண்டும். அது அப்போது அவரிடம் இல்லை. ஆகவே பாரிஸில் 37 பேர் கொண்ட அகதிகள் அணியில் ஓடினார். என் பார்வையில் இந்த விதி மாற வேண்டியது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. இங்கே அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. ஆகவே பள்ளி அணியும் இல்லை. மாவட்டப் போட்டிகளிலாவது அவர்களும் ஓட நம் விளையாட்டுச் சங்கங்கள் வழிசெய்ய வேண்டும்.