சரக்கு வண்டியும் பிரேக் ஆயிலும்

நம் சிறு சரக்கு வண்டிகளுக்கு எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறோம். பிரேக் ஆயிலைக் குறைந்தால் ஊற்றுவதோடு சரி. அது போதாது.

திறந்து வைத்த கல்லுப்பைப் போலப் பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொல்லிமலையில் மிளகு ஏற்றி, 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தே இறங்கினால், ஆயில் கொதித்து ஆவியாகலாம். பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

ஆகவே, பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுவதும் நீக்கிப் புதிது ஊற்றுவோம். வண்டிக்குரிய வகை டாட் 3-ஆ, டாட் 4-ஆ எனப் பார்த்து, சீல் உடையாத டப்பாவையே வாங்குவோம். இறக்கத்தில் சின்ன கியரில் வரும்படி ஓட்டுநரிடம் சொல்வோம். சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். ஓட்டுநரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.