கல்லா ஓரம் தொங்கும் பசையும் கரைந்து போகும் பிளாஸ்டிக்கும்



மளிகைக் கடையானாலும் சரி, பேன்சி ஸ்டோரானாலும் சரி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஷாம்புச் சரத்தோடு உடனடிப் பசை அட்டையும் தொங்குகிறது. எந்தக் கம்பெனி சரக்கை நாம் தொங்கவிட்டிருந்தாலும் வருகிறவர் "பெவிக்விக் ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்பார். சரக்கு சிறியது, இடத்தை அடைக்காது, எலி கடிக்காது. ஆனால் இதைப் பற்றி நம்மிடம் வரும் கேள்விகள் சிறியவை அல்ல. விரல் ஒட்டிக்கொண்டது, மேசை வீணாயிற்று என்பவை பழைய கேள்விகள். இப்போது நமது மொத்தக் கடைக்கு வரும் சில்லறை வியாபாரிகள் வேறு ஒன்றைக் கேட்கிறார்கள். பையன் செய்துகொண்டிருந்த பிளாஸ்டிக் விமானத்தின் மேல் பசை வழிந்துவிட்டதாம், எதைப் போட்டு எடுப்பது என்று வாடிக்கையாளர் கேட்கிறாராம், என்ன சொல்வது?

இந்த மாடல் என்பது பொம்மைக் கடையில் தொங்கும் சாதாரண விமானம் அல்ல. சட்டம் சட்டமாக வரும் நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டி எடுத்து, பொறுமையாக ஒட்டிச் செய்வது. 72-இல் ஒரு பங்கு என்பது அதில் பிரபலமான அளவு. அந்தக் கணக்கில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம்தான் இருப்பான். அவன் கையில் உள்ள துப்பாக்கி எவ்வளவு இருக்கும் என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதன் மேல் ஒரு சொட்டுப் பசை வழிந்தால் துப்பாக்கியும் போயிற்று, கையும் போயிற்று.

இந்தச் சரக்கு ஊர் ஊராகப் பரவியதில் வியாபாரிகளாகிய நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. இங்கிலாந்தில் 1939-இல் தொடங்கப்பட்ட ஏர்பிக்ஸ் கம்பெனி, 1952-இல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற பாய்மரக் கப்பலின் சிறிய மாடலை உல்வொர்த் கடைகளுக்காகத் தயாரித்தது. விலை இரண்டு ஷில்லிங்குக்கு மேல் போகக் கூடாது என்பது கடைக்காரர் கணக்கு. அதற்காக அட்டைப் பெட்டியை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஒரு காகிதத்தை மடித்துப் பொருத்தி, செய்முறையையும் அதிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். பெட்டிக்குப் பதில் பை! இன்று நாம் சரம் சரமாக விற்கும் பாக்கெட் வியாபாரத்தின் சூத்திரமும் இதுவேதான். அப்போது மூலப்பொருளையும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள். இன்றும் பெரும்பாலான மாடல்கள் அந்தப் பிளாஸ்டிக்கில்தான் வருகின்றன. நம் கதையின் சிக்கல் இந்தப் பெயரில்தான் இருக்கிறது.

பசையின் கதை வேறு. 1942-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவர் என்பவர் துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்ளும் இந்தச் சரக்கு கிடைத்தது. தொல்லை என்று ஒதுக்கிவிட்டார். 1951-இல் அதே கம்பெனியில் மறுபடி கைக்கு வந்தபோதுதான் இதன் மதிப்பு தெரிந்தது. 1958-இல் விற்பனைக்கு வந்தது. சயனோஅக்ரிலேட் என்பது இதன் ரசாயனப் பெயர். மற்றப் பசைகள் காய்ந்து இறுகும். இதுவோ காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரம் பட்டு இறுகும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பசை போக வேண்டும் என்றதும் நம்மில் பலர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது நெயில் பாலிஷ் ரிமூவர். அதில் உள்ள ஆசிட்டோன் இந்தப் பசையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அதே ஆசிட்டோன் பாலிஸ்டைரீனையும் கரைக்கும். நமக்குத் தெரிந்த ஒரு பேன்சி ஸ்டோரில் இப்படித்தான் நடந்தது. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த போர்க்கப்பல் மாடலில், தளத்தின் மேல் பசை வழிந்துவிட்டது. கடைக்காரர் நல்லெண்ணத்தோடு ரிமூவர் பாட்டிலை விற்றார். மறுநாள் தகப்பனார் கப்பலை அப்படியே கல்லாவின் மேல் வைத்தார். பீரங்கிகள் குழைந்து, தளம் மெழுகு உருகியது போல் கிடந்தது. பையன் ஒரு மாதம் உட்கார்ந்து செய்தது என்று அவர் சொன்னதற்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. பத்து வருட வாடிக்கை அந்த மாதத்தோடு நின்றுபோயிற்று.

'ஆசிட்டோன் இல்லாதது' என்று லேபிள் போட்ட ரிமூவரைக் கொடுத்தால் சரிதானே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் கூடாது. அவற்றில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும். அதற்கும் பாலிஸ்டைரீனைக் கண்டால் இதே வேலைதான். பெயிண்ட் தின்னரும் அப்படியே. பசை நீக்கி என்றே தனியாக விற்கும் சரக்கிலும் பல இந்த வகையைச் சேர்ந்தவை. எதையாவது பூசித்தான் பார்ப்பேன் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், துண்டுகளை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் சட்டத்தில் முதலில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டமும் மாடலும் ஒரே பிளாஸ்டிக். பித்தளைத் தகட்டுத் துண்டுகள் சில மாடல்களோடு வரும். அவற்றை மாடலிலிருந்து தனியே கழற்றிவிட்டால் ஆசிட்டோனில் போடலாம், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் பசையை எடுப்பது எப்படி? ஈரமாக இருக்கும்போதே கண்டால் துடைக்கக் கூடாது, இழுவிவிடும். காகிதத்தின் கூர்மையான முனையால் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சு வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம். இறுகிவிட்டதென்றால் ரசாயனத்தை மறந்துவிட்டு உப்புத்தாளிடம் போக வேண்டியதுதான். முதலில் புது பிளேடால் மேடாக உள்ளதை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். பிறகு ஐஸ்கிரீம் குச்சி முனையில் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் தொட்டு, 600 நம்பரில் தொடங்கி 1000, 2000 என்று போக வேண்டும். பக்கத்தில் உள்ள நுட்பமான கோடுகளின் மேல் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டால் அவை தப்பும்.

இதில் நேரம் முக்கியம். இறுகிய ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்தால் பசை இலகுவாகப் போகும். இரண்டு நாள் விட்டுவிட்டால் பசை பிளாஸ்டிக்கை விடக் கடினமாகிவிடும். அப்போது உப்புத்தாள் இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தின்னும், பசை மட்டும் நடுவில் வரப்புப் போல நிற்கும். துண்டையே தவறாக ஒட்டிவிட்டார்கள் என்றால் மாடலை ஒரு பையில் கட்டி பிரீசரில் சில மணி நேரம் வைக்கச் சொல்லலாம். குளிரில் இந்தப் பசை நொறுங்கும் தன்மை பெறும். மெல்லத் திருகினால் பல சமயம் விட்டுக்கொடுக்கும்.

விமானத்தின் கண்ணாடி மூடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பசை வழிந்ததல்ல, பசையின் ஆவி படிந்தது. வெள்ளைப் பற்பசையை மெல்லிய துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் தெளியும். ஜெல் பற்பசை உதவாது. கண்ணாடித் துண்டுக்கு முதலிலேயே பெவிகால் போன்ற வெள்ளைப் பசை போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. கேட்கிறவருக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். வியாபாரமும் ஆயிற்று, மாடலும் பிழைத்தது.

பஞ்சுக்கு வருவோம். இந்தப் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் திடீரென்று சூடு கிளம்பும், புகைகூட வரும், தோல் வெந்துவிடும். விரல் ஒட்டினால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் இமையைப் பலவந்தமாகத் திறக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணுக்கு ரிமூவரா என்று கேட்கும் ஆட்களும் உண்டு. தயவுசெய்து பாட்டிலைக் கையில் எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் நாம் ஏன் சொல்ல வேண்டும், விற்றோமா காசு வாங்கினோமா என்று இருக்கலாமே என்பவர்கள் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தில், பொருளால் விளையும் தீங்குக்கு விற்பனையாளரும் சில சமயங்களில் பொறுப்பாவார் என்று இருக்கிறது. தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குச் சேர்க்காமல் விடுவதும், தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாகத் தருவதும் அவற்றில் சேர்த்தி. பசை அட்டையில் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. டியூபை மட்டும் பிய்த்துக் கொடுக்கும்போது அது நம் கடையிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே சிறுவன் தனியாக வந்து கேட்டால் பெரியவரை அழைத்து வரச் சொல்வதே நமது வழக்கம். இதனால் இரண்டு டியூப் வியாபாரம் குறையலாம், குறையட்டும்.

கடைசியாக இருப்பு. பசைக்கு ஈரமும் சூடும் ஆகாது. வெயில் படும் ஷோகேஸில் வைத்தால் டியூபுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். நிறையக் கொள்முதல் செய்திருந்தால், பிரிக்காத அட்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் குளிர் போகும்வரை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்த ஈரம் பட்டே சரக்கு இறுகும். ரிமூவர், தின்னர் பாட்டில்களை இந்தப் பக்கமே வைக்காமல், சாமி படத்து விளக்குக்கும் தூரமான தட்டில் வையுங்கள். அவை சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு.